கண்ணாடி போட்ட தூண்டில்

ஆர்டிஸ் ஹால்வர்சனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு வாய் நீளாமல் இருக்குமா? பின்சீட்டில் அடிதடி நடக்கும்போது ஓட்டுகிறவள் கையை நீட்ட முடியாது, வாயைத்தான் நீட்ட வேண்டும். ஓய்வுபெற்றபின் அந்த வாய்க்கு வேலை குறைந்துபோனது. ஆனால் குளிர்காலம் வந்து டாபின் ஏரி உறைந்துவிட்டால் மறுபடி கை நிறைய, வாய் நிறைய வேலை.

வடக்கு மினசோட்டாவில் ஏரிமேல் ஆள் நடக்கலாம் என்று ஆகிவிட்டால், எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் தங்குவதில்லை. பனிக்கட்டியில் ஒரு துளை, கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி, முழங்கை நீளத்தில் ஒரு குட்டித் தூண்டில், இவ்வளவுதான் சொத்து. தேடிப் போவது வாணலி மீன். புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் என்று அதில் பல சாதி உண்டு. உள்ளங்கை அகலம் இருந்து, வாணலியில் முழுசாக அடங்கினால் அது வாணலி மீன். அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்தப் புளூகில் இருக்கிறதே, சரியான கல்யாண வீட்டுச் சம்பந்தி. புழுவை ஒரேயடியாகக் கவ்வாது. பக்கத்தில் வந்து நிற்கும். மேலும் கீழும் பார்க்கும். பிறகு போனால் போகிறதென்று தண்ணீரோடு சேர்த்து மெல்ல உறிஞ்சும். ஏதாவது உறுத்தினால் அப்படியே துப்பிவிட்டுப் போய்விடும். அந்த உறிஞ்சலுக்கும் துப்பலுக்கும் நடுவில் தூண்டிலைச் சுண்டிவிட்டால் மீன் நம்முடையது, இல்லாவிட்டால் இல்லை.

ஆர்டிஸ் அதில் கைகாரி. எலும்பு வரை குளிர் ஏறுகிற நாளிலும் வலக்கை உறையைக் கழற்றிவிட்டு, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரல்மேல் தவழவிட்டு உட்கார்ந்திருப்பாள். கண் எங்கேயோ இருக்கும், வாய் யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும். திடீரென்று பேச்சை நிறுத்தி, "வந்துட்டான்" என்பாள். மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டும். மீன் பனிமேல் கிடந்து துள்ளும். பக்கத்துத் துளைக்காரர்களுக்கு வயிறு எரியும்.

மற்றவர்கள் பலர் தூண்டில் நுனியில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைச் செருகி, அதன் முனையில் மாலையில் கோக்கிற மணிபோல ஆரஞ்சு மணி ஒன்றை வைத்திருப்பார்கள். மீன் லேசாகத் தொட்டாலும் மணி அசையும், அதைப் பார்த்துச் சுண்டுவார்கள். ஆர்டிஸுக்கு அது ஆகவே ஆகாது. "கை மரத்துப்போனவன் வச்சிக்கிற கண்ணாடி போட்ட தூண்டில்" என்று அதற்குப் பெயர் வைத்தாள். ஏரிக்கரையில் புழுக்கடை வைத்திருக்கும் லீலண்ட் குக்கொனென்தான் அந்தக் கம்பித் தூண்டிலுக்கு ஊரில் பெரிய பக்தன். அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன லீலண்ட், கண்ணாடியத் தொடச்சிட்டியா?" என்று கேட்காமல் அவள் தாண்டிப் போனதில்லை.

போன வசந்தத்தில் ஆர்டிஸின் குடலில் புற்று என்று தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள். பிறகு கோடை முழுவதும் மருந்து ஏற்றினார்கள். இலையுதிர்காலம் வந்தபோது நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் நோயைத் துரத்தின மருந்து போகிற போக்கில் அவளுடைய விரல்களின் உணர்வையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சட்டைப் பித்தானைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடிந்தது. பைக்குள் கையை விட்டால் சாவி எது, காசு எது என்று தெரியவில்லை. மருத்துவரம்மாவைக் கேட்டால், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று தோளைக் குலுக்கினாள்.

விரல் போனதுகூட ஆர்டிஸுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. ஊர் மாறிப்போனதுதான் உறைத்தது. வாசலில் யாராவது சொல்லாமல், கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷ் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கடையில் வரிசையில் நின்றால் முன்னால் போகச் சொன்னார்கள். அவள் யாரையாவது கிண்டல் செய்தால் திருப்பிக் கிண்டல் செய்யாமல் புன்னகைத்தார்கள். அவள் பேசுகிறபோது தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இருமுகிற குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் நல்லவர்களாகிவிட்ட ஊரில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஏரி உறையட்டும், ஒரு வாளி மீனோடு திரும்பி வருகிறேன், அப்போது பார்க்கலாம் இவர்கள் மூஞ்சியை என்று அவள் காத்திருந்தாள்.

காத்திருந்த நேரத்தில் ஒரு தப்பு செய்தாள். உணர்வு குறைந்த கைக்கு உணர்வு கூடின தூண்டில் வேண்டும் என்று கணக்குப் போட்டாள். பெருநகரத்துக் கடைக்குப் போய், இருப்பதிலேயே விறைப்பான கார்பன் கோலை வாங்கிவந்தாள். "இதுல எறும்பு ஊர்ந்தாலும் உங்க கைக்குத் தெரியும்" என்று விற்றவன் சொன்னான். எறும்பு ஊர்வதைக் கோல் கைப்பிடிவரை கொண்டுவந்து சேர்க்கும், அதில் பொய்யில்லை. அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் விஷயம். கோலைப் பொறுத்தவரை எங்கள் ஊர்க்காரர்கள் விறைப்பைத்தான் உணர்வு என்று நம்புகிறவர்கள், அதனால் அவளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஏரி உறைந்ததும் கொரினோடு போனாள். கொரின் அதே பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். ஆர்டிஸுக்குத் தோழி, வாய்ச்சண்டைக்குச் சரியான ஜோடி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் துளை போட்டு உட்கார்ந்தார்கள். கொரின் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கினாள். ஆர்டிஸின் கார்பன் கோல் கையில் கம்பிபோல் நின்றது. கீழே மீன் உறிஞ்சியதோ துப்பியதோ, இவள் கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. காலையில் அவசரப் பசியில் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டுத் தானாக மாட்டிக்கொண்ட குஞ்சு மீன்கள் சில மட்டும் வாளியில் கிடந்தன. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அவை எல்லாம் உறைந்து விறகு மாதிரி ஆகிவிட்டன.

காப்பி ஊற்றிக்கொள்ளத் திரும்பியவள் வாளிக்குள் பார்த்தாள். விறைத்துக் கிடந்த குஞ்சுகளுக்கு மேலே பெரிய புளூகில் ஒன்று செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் காப்பியைக் கீழே வைத்தாள். "கொரின், இது யாரோட மீன்?"

"உன்னோடதுதான்."

"நான் இதத் தூக்கினத நீ பாத்தியா?"

"உன் வாளிலதானடி இருக்கு!"

"என் வாளில உசுரோட ஒரு மீன் இருக்கறதுக்கு நான் இப்பத்தான் தூக்கியிருக்கணும். நான் எப்பத் தூக்கினேன்? சொல்லு பாப்போம்."

கொரின் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். நீ பாவம், காலையிலேருந்து..."

"பாவமா?"

"ஆர்டிஸ்..."

"நான் செத்தா என் பெட்டிக்குள்ள ரெண்டு மீனப் போட்டு அனுப்பு. அதுவரைக்கும் என் வாளில கை வைக்காத." மீனை எடுத்துக் கொரினின் காலடியில் போட்டாள். பனியில் துளை போடும் துளைப்பானையும் வாளியையும் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு கரைக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் உறைந்ததை அவளால் உணர முடிந்தது, துடைத்த விரலால் முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கணவன் வெண்டல் குளிரை வெறுக்கிறவன். பால்பண்ணைக் குளிர்கிடங்கில் வேலை பார்த்தே வாழ்நாளின் குளிரை எல்லாம் அனுபவித்துவிட்டேன், இனி ஏரியில் போய் அனுபவிக்க மாட்டேன் என்பான். வறுவல் மட்டும் அவனுடையது. அன்று அவன் வாணலியை எடுத்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப மாட்டிவிட்டான்.

"இந்த வருஷம் விட்டுடேன்" என்றான். "அடுத்த வருஷம் விரல் சரியாயிடும்."

"ஆகலன்னா?"

"ஆகலன்னா என்ன, மீன் கடையில விக்கறான்."

"வெண்டல், நான் மீனுக்காகவா போறேன்?"

அவன் அவளுடைய விரல்களைப் பார்த்தான். "எனக்குப் பயமா இருக்கு. உன் விரல் உறைஞ்சு கறுத்துப்போனாக்கூட உனக்குத் தெரியாதும்மா. வீட்டுக்கு வந்து கையுறையக் கழட்டினா விரலும் கூடவே வரும்."

அது நியாயமான பயம். ஆர்டிஸ் மேசையருகே உட்கார்ந்து, கார்பன் கோலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கெட்டுவிட்டது. சரி. உறையைக் கழற்றினால் விரல் உறைந்துவிடும். சரி. அப்படியானால் உறையைக் கழற்றாமல், கையை நம்பாமல் பிடிக்கிற தூண்டில் எது? கேள்வி இவ்வளவு தெளிவாக வந்தபிறகு பதிலும் தெளிவாகவே இருந்தது. அதை வாயால் சொல்லத்தான் தொண்டையில் முள் மாட்டியது. மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு லீலண்டின் கடைக்குப் போனாள்.

கடையில் லீலண்ட் தொட்டியிலிருந்து குஞ்சு மீன்களை வலையால் அள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகமும் அந்த நல்லவர் முகமாக மாறத் தொடங்கியது. ஆர்டிஸ் அதை முளையிலேயே கிள்ளினாள்.

"உடம்பு எப்படின்னு கேட்டே, அந்தத் தொட்டிக்குள்ள உன்னத் தள்ளிடுவேன். தூண்டில் பாக்க வந்திருக்கேன்."

லீலண்ட் வலையைக் கீழே வைத்தான். "சரி. என்ன தூண்டில்?"

"முதல்ல ஒரு சோதனை. உன்கிட்ட இருக்கற நல்ல கோலெல்லாம் எடு. நான் கண்ண மூடிக்கிட்டுப் பிடிக்கிறேன். நரம்போட அந்த நுனிய நீ அலமாரிக்குப் பின்னால நின்னு புளூகில் மாதிரி இழு. எப்ப இழுத்தேன்னு நான் சொல்றேன். பொய் சொல்லாத."

"உனக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? இத்தன வருஷமா நீ என்னைப் படுத்தின பாட்டுக்கு."

ஒரு கோல் மாற்றி ஒரு கோலாகப் பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"இப்ப" என்றாள்.

"இல்ல."

"இப்ப."

"இல்ல."

"இப்ப இழுத்தே. நிச்சயமா இழுத்தே."

அலமாரிக்குப் பின்னாலிருந்து லீலண்ட் தலையை நீட்டினான். "தாயே, நான் ரெண்டு தடவ நல்லாவே இழுத்தேன். நீ சிலை மாதிரி இருந்தே. இப்ப நான் மூக்கச் சொறிஞ்சேன். அதுக்கு இப்பங்கற."

ஆர்டிஸ் கண்ணைத் திறந்தாள். வலித்தது. ஆனால் வலியோடு கூடவே, நெஞ்சில் ஏதோ இடம் பிடித்து உட்கார்ந்ததுபோல ஒரு நிம்மதியும் வந்தது. நோய் வந்ததிலிருந்து அவளிடம் முழு உண்மையை முழுக் குரலில் சொன்ன முதல் ஆள் இவன்தான். மருத்துவரம்மாகூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னாள்.

"சரி" என்றாள். "கை செத்துப்போச்சு. எடு அந்தக் கண்ணாடிய."

"எந்தக் கண்ணாடி?" லீலண்டின் மீசை துடித்தது.

"தெரியாத மாதிரி நடிக்காத."

"இல்லம்மா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆர்டிஸ் ஹால்வர்சன் என் கடைக்கு வந்து எதையோ கேட்ட மாதிரி இருந்துச்சு. கை மரத்துப்போனவன் வச்சிக்கிற எதையோ." சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்தது. "நான் அந்த அர்த்தத்துல..."

"வாபஸ் வாங்கின, கடைய எரிச்சிடுவேன்" என்றாள் ஆர்டிஸ். சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வயிற்றுத் தையல் தழும்பு இழுக்கும் அளவுக்குச் சிரித்தாள். லீலண்டும் சிரித்தான். பிறகு அவன் கம்பித் தூண்டில்களை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து மேசைமேல் பரப்பினான். "பாடம் நடத்தட்டுமா?" என்று கேட்டான்.

"நீயா? எனக்கா? வாய மூடிக்கிட்டுக் கதவத் திற."

அவள் அத்தனை கோல்களையும் வெளியே கொண்டுபோய்க் கடைவாசல் பனிக்குவியலில் வரிசையாகக் குத்தி வைத்தாள். சூடான கடைக்குள் எல்லாத் தூண்டிலும் சமர்த்தாகத்தான் வளையும், ஏரியில் போய்த்தான் புத்தியைக் காட்டும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடியதில் கடைச் சூடெல்லாம் வெளியே போனது. லீலண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு புலம்பினான். ஆர்டிஸ் பெரிய தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். உள்ளே கம்பளி வைத்த, விரல் பிரியாத, தடித்த கையுறைகள். "இதோட புடிக்க முடியாதது எனக்கு வேண்டாம்" என்றாள்.

பனியில் நின்று குளிர்ந்த கோல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முதல் கோலின் நுனி பிளாஸ்டிக், குளிரில் குச்சி மாதிரி விறைத்திருந்தது. அதை லீலண்டின் கையில் கொடுத்தாள். அடுத்ததில் கம்பி நன்றாக இருந்தது, நரம்பு சுற்றும் கைப்பிடிதான் பொம்மைக்கு வைத்ததுபோல் இருந்தது, கையுறைக்குள் அகப்படவே இல்லை. இன்னொன்றில் கம்பி இவ்வளவு நீளம். காற்று வந்தால் ஆடியது, காற்று போனபிறகும் ஆடியது. "இத வச்சிருந்தா நாள் பூரா காத்தத்தான் பிடிச்சிட்டு வரணும்" என்றாள்.

கடைசியில் கண்ணாடியிழைக் கோல் ஒன்று கிடைத்தது. கைப்பிடிப் பக்கம் கெட்டி, மேலே போகப்போக மெலிந்து, நுனியில் நூடுல்ஸ் மாதிரித் தொய்ந்தது. நுனியில் குட்டையான தட்டைக் கம்பி, ஆரஞ்சு மணி. நரம்பு சுற்றுவதற்குப் பெரிய சக்கரம், அதில் கொழுத்த இரண்டு குமிழ். ஆர்டிஸ் கையுறையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றியது.

"இருக்கறதுலயே சின்ன முள்ளக் கட்டு" என்றாள். லீலண்ட் அரிசிமணி அளவில் ஈயம் வைத்த முள்ளைக் கட்டித் தொங்கவிட்டான். கம்பியின் மணி மிக லேசாகத் தலை குனிந்தது.

"ஆ" என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா" என்றான் லீலண்ட்.

அந்தக் குனிவின் அர்த்தம் இருவருக்கும் தெரியும். வெளியூர்க்காரன் மீன் கடித்தால் நுனி கீழே போகும் என்று நினைப்பான். குஞ்சுகள்தான் அப்படி இழுக்கும். பெரிய புளூகில் கீழேயிருந்து வந்து முள்ளைத் தன் வாயில் ஏந்திக்கொள்ளும். முள்ளின் கனம் நரம்பைவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். ஆர்டிஸின் விரல் இத்தனை காலமும் உணர்ந்தது அந்தக் கனம் காணாமல் போவதைத்தான். இனி அந்த மணி அதைச் சொல்ல வேண்டும். முள்ளின் கனத்துக்கே குனிகிற கம்பியாக இருந்தால்தான் அந்தக் கனம் போகும்போது நிமிரும்.

லீலண்ட் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுறையில் ஒரு துண்டை வெட்டிக் கைப்பிடியில் மாட்டினான், பிடி தடித்தது. வாளி விளிம்பில் தூண்டிலை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் கொடுத்தான். முள் கட்டுவது இனி அவளால் ஆகாது என்று அவனே புரிந்துகொண்டு, முள் கட்டிய நரம்புத் துண்டுகள் சிலவற்றை அட்டையில் சுற்றிக் கொடுத்தான். "ஆர்டிஸ் கண்ணாடி போட்டாள்னு வாசல்ல எழுதி ஒட்டட்டுமா?" என்றான்.

"ஒட்டு. பெரிய எழுத்தா ஒட்டு. கண்ணாடி போட்டவங்களுக்கும் தெரியணும்ல."

வெண்டலிடம் அவள் கெஞ்சவில்லை, உடன்படிக்கை பேசினாள். அவன் கரையில் வண்டிக்குள் சூடு போட்டுக்கொண்டு வானொலி கேட்டபடி இருக்க வேண்டியது. அவள் அவ்வப்போது வந்து கையுறையைக் கழற்றிக் காட்ட வேண்டியது. விரல் வெளுத்திருந்தால் அவன் சொல்கிறபடி கேட்பது. "எனக்குத் தெரியாதத நீ பாத்துச் சொல்லு. ஆனா கூட வந்து உக்காராத" என்றாள். வெண்டல் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

அன்று ஏரியில் நல்ல கூட்டம். ஏரி வளைகிற முனையில் கொரினும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கொரின் இவளைப் பார்க்காத மாதிரி துளையைப் பார்த்தாள். வழியில் ஒருவர் எழுந்து, "துளை நான் போட்டுத் தரட்டுமா ஆர்டிஸ்? நீ சிரமப்படாத" என்றார். "என் துளைப்பான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் நடந்தாள். யாரும் இல்லாத இடத்தில், தண்ணீருக்கடியில் பாசி முடிகிற வரம்பில், தானே துளை போட்டாள். மூச்சு வாங்கியது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு துளையும் போட்டாள். சறுக்குவண்டியை நிமிர்த்திக் காற்றுக்குத் தடுப்பாக நிறுத்தினாள். முள்ளில் மெழுகுப்புழுவைச் செருகி, பாசிக்குச் சற்று மேலே நிற்குமாறு இறக்கினாள்.

முதலில் எல்லாம் தப்பாகப் போனது. மணி அசைந்ததைக் கண் பார்த்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. கைக்குச் சேதி வரட்டும் என்று உடம்பு காத்திருந்தது. கைக்கு எங்கே வரப்போகிறது? அவள் சுண்டுவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போயிற்று. மறுபடி மணி எழுந்தது, மறுபடி கை காத்திருந்தது, மறுபடி வெறும் முள் வந்தது. கரைக்குப் போய் வெண்டலிடம் விரலைக் காட்டினாள். "பரவால்ல, சிவப்பாத்தான் இருக்கு. போதுமா, வீட்டுக்குப் போலாமா?" என்றான். "வானொலியக் கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

இந்த முறை தூண்டிலைக் கையில் பிடிக்கவே இல்லை. வாளித் தாங்கியில் நிறுத்திவிட்டு, வலக்கையைக் கையுறையோடு தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீ பேசாத" என்று கையிடம் சொன்னாள். "உன்னைக் கேக்கல." கண்ணை மணிமேல் வைத்தாள். மூக்கு நீர் வடிந்தது, துடைக்கவில்லை. பனிக்கட்டி தூரத்தில் எங்கோ முறிந்து உறுமியது, திரும்பவில்லை. எத்தனை நேரமென்று தெரியாது. ஆரஞ்சு மணி குனிந்தபடி இருந்தது. குனிந்தபடியே இருந்தது. பிறகு, முடியிழை அளவு, நிமிர்ந்தது.

அவள் கையை உருவித் தூண்டிலைப் பறித்துச் சுண்டினாள்.

கோல் பாதிவரை வளைந்தது. புளூகில் மாட்டினால் தலைகுனிந்து நேராக வராது, தட்டுமாதிரி உடம்பைச் சாய்த்து வட்டம் போடும். அந்த வட்டம் நரம்பில் ஏறி, கோலில் ஏறி, செத்த விரல்களைத் தாண்டி, முழங்கையில் வந்து இடித்தது. அங்கிருந்து தோளுக்குப் போனது. ஆர்டிஸ் வாய்விட்டு அலறிவிட்டாள். விரல் இல்லாவிட்டால் என்ன, முழங்கை இருக்கிறதே! கையுறையால் சக்கரத்தைச் சுற்றினாள், சுற்றினாள். துளைக்குள் தண்ணீர் தளும்பி, ஆரஞ்சு நெஞ்சும் நீலக் கன்னமுமாகக் கனத்த மீன் ஒன்று பனிமேல் வந்து விழுந்தது. அவள் அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அழுது முடித்துவிட்டு அடுத்த புழுவைச் செருகினாள், அதற்குத்தான் நிறைய நேரம் பிடித்தது.

அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. கண்ணும் முழங்கையும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. கை நடுவில் சும்மா இருந்தது.

ஏரிமேல் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று பெயர். உண்மையில் எல்லோரும் எல்லோருடைய முழங்கையையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவரின் முழங்கை அடிக்கடி மேலே போகிறதென்றால் அங்கே மீன் இருக்கிறது. உடனே ஒருவர் சோம்பல் முறிப்பதுபோல் எழுந்து, வேடிக்கை பார்ப்பதுபோல் நடந்து, தற்செயலாகத் துளைப்பானையும் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவார். ஒருவர் வந்தால் நான்கு பேர் வருவார்கள். இதைவிடக் கேவலமான பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இதைச் செய்யாதவரும் எங்கள் ஊரில் இல்லை.

ஆர்டிஸின் முதுகுக்குப் பின்னால் துளைப்பான் ஒன்று உறுமியது. அவள் திரும்பவில்லை. இடப்பக்கம் இன்னொன்று. கொஞ்சம் முன்பு "சிரமப்படாத" என்ற அதே மனிதர் இப்போது அவளுடைய துளையிலிருந்து வாளி உருட்டினால் இடிக்கிற தூரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். சிரமப்படுகிறாளா என்று கேட்கவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் கண் அவளுடைய வாளியிலேயே இருந்தது.

எல்லோரையும்விட நெருக்கமாக வலப்பக்கம் ஒரு துளைப்பான் இறங்கியது. பனித்தூள் ஆர்டிஸின் பூட்ஸ்மேல் வந்து விழுந்தது. அதைப் பிடித்திருந்தவள் கொரின்.

"ஏண்டி, உனக்கு வெக்கம் மானம் இருக்கா?" என்று கத்தினாள் ஆர்டிஸ். "ஏரி இவ்வளவு அகலம் கெடக்கு. என் மடியிலதான் துளை போடணுமா?"

"ஏரிய உங்கப்பன் உன் பேருக்கு எழுதி வச்சிட்டுப் போனாரா?" என்று கொரின் திருப்பிக் கத்தினாள்.

"நீ போடற சத்தத்துல மீனெல்லாம் கனடாவுக்கு ஓடிடும்!"

"நீ போடற சத்தத்துல ஓடாததா?"

கொரின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அந்தச் சாய்ந்த பார்வை இல்லை, சுருங்கின கண் இல்லை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை மட்டும் இருந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். உடம்பெல்லாம் சூடு பரவியது. கோபத்தில் ஏற்பட்ட சூடு என்று காட்டிக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொரின் நரம்பை இறக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தி, வேண்டாவெறுப்பாகக் கேட்டாள்: "எவ்வளவு ஆழத்துல விட்டிருக்க?"

ஆர்டிஸின் புழு பாசிக்கு மேலே, பாதித் தண்ணீரில் நின்றது.

"அடிமட்டத்துல" என்றாள் கண்ணை மணியிலிருந்து எடுக்காமல். "சேத்துல தட்டற வரைக்கும் விடு."

கொரின் சேற்றில் தட்டும்வரை விட்டாள். பின்னாலிருந்தவர்களும் காதில் விழுந்தபடி ஆளுக்கு ஆள் இறக்கிக்கொண்டார்கள். ஆர்டிஸ் எல்லோருடைய நரம்பும் கீழே போவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த மீனைத் தூக்கினாள்.